மரம் ஏறிய கை மீண்டும் ஏற வேண்டும்

(லெம்பா பெர்த்தாமில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஒரு தோட்டக் கிராணி ஆற்றிய உரை)

 

கீழே ரப்பர்க் காட்டில் கிராணி வேலை பார்க்கும் என்னை இந்தக் குளிர்ந்த மலைக்கு அழைத்து, "தேக நலம்" பற்றிப் பேசச் சொன்னீர்கள். தேக நலம் என்பது பெருங்கடல். நான் டாக்டரும் அல்ல, டிரஸ்ஸரும் அல்ல. ஆகவே அந்தக் கடலிலிருந்து ஒரு குவளை நீரை மட்டும் மொண்டு உங்கள் முன் வைக்கிறேன். ஆப்பரேஷன் செய்துகொண்ட ஒரு தொழிலாளி, குணமான பிறகு மீண்டும் மரம் ஏறலாமா? ஏறலாம் என்றால் எப்போது, எப்படி? இதுதான் இன்றைய பேச்சு.

சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தவறில்லை. "சம்பளப் பேச்சும் வீட்டுப் பிரச்சினையும் கிடக்க, மரம் ஏறுவதைப் பற்றிப் பேசத்தானா சங்கம்?" என்று ஒரு தோழர் மெதுவாகக் கேட்பதும் என் காதில் விழுகிறது. அவருக்கு என் பதில் இது: தொழிலாளியின் உடம்பு எட்டு மணி நேர வேலைக்கு மட்டும் படைக்கப்பட்டது அல்ல. மீதி நேரமும் அவனுக்குச் சொந்தம். அந்த நேரத்தில் அவன் சந்தோஷமாக என்ன செய்கிறானோ, அதைத் திரும்பப் பெற்றால்தான் அவன் முழுதும் குணமானவன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனைப் பார்த்து, "வேலைக்கு எப்போது வருவாய்?" என்று கேட்கப் பலர் இருக்கிறார்கள். "மறுபடி எப்போது விளையாடுவாய்?" என்று கேட்க யார் இருக்கிறார்கள்? அதைக் கேட்கத்தான் சங்கம் இருக்கிறது.

நம் தோட்டத்துப் பிள்ளைகள் நடக்கக் கற்றதும் அடுத்துக் கற்பது மரம் ஏறுவதைத்தான். கொய்யா மரம், ரம்புத்தான் மரம், பிறகு மாமரம். பெரியவனானால் கூட்டாளிகளோடு ஓய்வு நாளில் பெத்தாய் பறிக்கப் போவது. திருவிழா வந்தால் எண்ணெய் பூசிய வழுக்கு மரம். இந்த மலைச்சாரலில் நமக்கு முன்பிருந்தே வாழும் செமாய் மக்களின் பிள்ளைகள் மரத்தில் ஏறுவதைப் பார்த்தால், படிக்கட்டில் ஏறுவது போல இருக்கும்.

நம் பாட்டன்மார் வந்த சீமையை நினைத்துப் பாருங்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் பனையேறிகள் காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் பாளை அரிவாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, காலையும் மாலையும் பனைக்குப் பனை ஏறி இறங்கினார்கள். இந்த நாட்டிலும் தோட்டத்துக் கள்ளுக் கடைகள் இருந்த காலத்தில் தென்னையில் ஏறிக் கள் இறக்கியவர்கள் நம் ஆட்களே. அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. கேரளத்தில் தென்னை ஏற ஆள் குறைந்துபோனபோது, தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ம் ஆண்டிலிருந்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கால் வைத்து மிதித்து ஏறும் கருவிகளையும் பழக்கிவிட்டது. ஏறும் ஆட்களுக்கு இன்ஷூரன்ஸ் திட்டமும் வைத்தது. வேலையில் ஆபத்து உண்டு என்றால் அதற்குப் பாதுகாப்பும் வேண்டும் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள் அல்லவா?

வயிற்றுப்பாட்டுக்காக அல்லாமல், விளையாட்டாகவே மரம் ஏறுகிறவர்களும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவில் அட்லாண்டா என்னும் நகரத்தில் பீட்டர் ஜென்கின்ஸ் என்ற ஒருவர், பாறை ஏறியும் மரங்களைச் சீர்செய்யும் தொழில் செய்தும் பழகியவர், 1983-ம் ஆண்டில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். அவர்கள் ஏறும் முறை வேறு. தலையில் கவசம், இடுப்பையும் தொடையையும் தாங்கும் வார்க்கச்சை, பலமான கிளைமேல் போட்ட கயிறு. கயிற்றில் போடும் முடிச்சு, மேலே நகர்த்தினால் நகரும், பாரம் விழுந்தால் இறுகிப் பிடிக்கும். கை வலித்தால் அங்கேயே கச்சையில் உட்கார்ந்து இளைப்பாறலாம். கையை மட்டும் நம்பி ஏறுவதில்லை. காலால் உந்தி ஏறுகிறார்கள். இதை ஞாபகத்தில் வையுங்கள். ஆப்பரேஷன் ஆனவனுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

தோழர்களே! இப்போது உடம்பின் விஷயத்துக்கு வருவோம்.

நம் ஆண்களுக்கு அதிகம் கேள்விப்படும் ஆப்பரேஷன் குடலிறக்கத்துக்கு, ஹெர்னியா என்கிறார்கள். குடல்வால், பித்தப்பைக் கல், எலும்பு முறிந்து தகடு வைத்தல் ஆகியவையும் உண்டு. தாய்மார்களுக்குப் பிள்ளைப்பேற்றில் வயிற்றைக் கிழிக்க நேரிடுகிறது. எல்லாவற்றிலும் பொதுவான ஒரு சங்கதி உண்டு. மேல் தோல் பத்துப் பதினைந்து நாளில் மூடிக்கொள்கிறது. தையலைப் பிரிக்கிறார்கள். கண்ணாடியில் பார்த்தால் ஒரு கோடுதான் தெரிகிறது. உடனே, "ஆறிவிட்டது" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். உள்ளே இருக்கும் தசையுறை அவ்வளவு வேகமாக ஆறுவதில்லை. மூன்று வாரத்தில் காயத்தின் பலம் பழைய பலத்தில் ஒரு சிறு பங்குதான். மூன்று மாதம் கழித்துங்கூட நூற்றுக்கு 80 பங்கு அளவில் நின்றுவிடுகிறது என்பது வைத்திய நூல்கள் சொல்லும் கணக்கு.

மரம் ஏறும்போது என்ன நடக்கிறது? கை மேலே பிடித்து இழுக்கிறது. கால் தண்டை அணைக்கிறது. நடுவிலே வயிறு கல்லாக இறுகுகிறது. மூச்சை அடக்கி உந்துகிறோம். அப்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அரைகுறையாக ஆறிய இடத்தில் அந்த அழுத்தம் போய் முட்டுகிறது. தைத்த சாக்கில் அளவுக்கு மீறி மண்ணைத் திணித்தால் எந்த இடத்தில் பிரியும்? தையலில்தானே! போதாக்குறைக்கு, படுக்கையில் கிடந்த நாட்களில் கைப்பிடியும் தொடைப் பலமும் இறங்கிப்போயிருக்கும். மனம் மட்டும் பழைய மனமாகவே இருக்கும். பழைய மனமும் புதிய பலவீனமும் சேர்ந்து மரம் ஏறினால், இறங்கும்போதுதான் உண்மை தெரியும். ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பதை மரம் ஏறிய எவனும் ஒப்புக்கொள்வான்.

இதை நமக்கு டாக்டர் வந்துதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. நாம் தினமும் தொட்டு வேலை செய்யும் மரமே சொல்கிறது. ரப்பர் மரத்தில் உளி பட்டையை மட்டும் சீவ வேண்டும். ஆழமாகப் போய் உள்மரத்தைத் தொட்டால், அந்தக் காயம் முண்டும் முடிச்சுமாக ஆறுகிறது. பிறகு அந்த இடத்தில் வெட்டு ஒழுங்காக ஓடாது. ஒரு பக்கம் வெட்டி முடித்தால், புதுப் பட்டை வளர்ந்து வெட்டுக்குத் தயாராகப் பல ஆண்டுகள் விடுகிறோம். தினசரி வெட்டாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் முறையும் எதற்கு? மரம் பாலை மீண்டும் சேர்த்துக்கொள்ளத்தான்.

உங்கள் தேயிலையைப் பாருங்கள். விட்டுவிட்டால் அதுவும் மரமாக உயர்ந்து வளரும் இனந்தான். அதை இடுப்பளவில் நிறுத்திக் கொழுந்து பறிக்கிறோம். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கவாத்து வெட்டுகிறோம். கவாத்து வெட்டிய மறு வாரம் எந்தத் துரையாவது கொழுந்துக் கூடையோடு ஆளை அனுப்புகிறாரா? துளிர் விட்டு, கிளை பிடித்து, உரிய உயரம் வந்த பிறகே கை வைக்கச் சொல்கிறார். செடிக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் செடி செத்துப்போகும், முதலுக்கு மோசம் என்பது அவருக்குத் தெரியும். செடிக்கு உள்ள அந்த நியாயம், செடியைக் காக்கும் மனிதனுக்கு இல்லையா? அதைத்தான் கேட்கிறேன்!

ஆனால், ஓய்வு எடு என்று வாயால் சொல்லிவிட்டால் போதுமா? வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! மூன்றாவது வாரமே நம் ஆள் பெரட்டுக்களத்தில் வந்து நிற்பது வீரத்தினால் அல்ல. சம்பளம் போய்விடுமே என்ற பயத்தினால். ஆகையால் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1955-ம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு, சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு கொடுக்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டில் 14 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாளும் முன் சொன்ன நாட்களுக்குப் புறம்பாகவே கிடைக்கிறது. இன்னும் ஒன்று: ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய அளவுக்கு நோய் இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, ஏதோ காரணத்தால் நீங்கள் வீட்டில் இருந்தாலும், சட்டம் உங்களை ஆஸ்பத்திரியில் இருந்தவராகவே எண்ணுகிறது. ஆகவே டாக்டர் எழுதும் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் கிராணியிடமோ கிளைச் செயலாளரிடமோ காட்டுங்கள். விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தோட்டத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். எம்.சி. சட்டைப் பையிலேயே கிடந்தால், அனுமதி இல்லாமல் வராதவர் என்று உங்களை எழுதிவிட இடம் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த விடுப்புக்கு நோய் வேலையினால் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஓய்வு நாளில் பெத்தாய் மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தாலும், அந்த நாட்கள் உங்களுக்கு உரியவை.

கிராணிமாருக்கு இந்த இடத்தில் ஒரு தர்மசங்கடம் வரும். எந்தத் தோட்டத்து ஆபீசிலும் இது நடக்கக் கூடியது. ஞாயிற்றுக்கிழமை பழ மரத்திலிருந்து விழுந்தவரின் தம்பி திங்கட்கிழமை காலையில் வந்து நிற்பார். "கிராணி ஐயா, அண்ணன் நெரையிலே வேலை செய்யும்போது விழுந்ததாக எழுதிவிடுங்கள், சொக்சோ பணம் கிடைக்கும்" என்பார். கேட்பவர் கெட்டவர் அல்ல. வீட்டில் நான்கு பிள்ளைகள். என்றாலும், எழுதக் கூடாது. ஏன்? வேலை விபத்துத் திட்டம் வேலையில் ஏற்படும் விபத்துக்காக நாம் போராடிப் பெற்ற பாதுகாப்பு. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் அதில் அடங்கும். ஓய்வு நாள் விளையாட்டு அதில் அடங்காது. பொய் எழுதுவது குற்றம். எழுதினவரும் மாட்டுவார், எழுதச் சொன்னவரும் மாட்டுவார். அதைவிடப் பெரிய கேடு, நாளைக்கு உண்மையாகவே காட்டில் விழுந்த ஒருவரின் மனுவைப் படிக்கும் அதிகாரிக்குச் சந்தேகம் பிறக்கும். நம் பொய்யின் தண்டனையை நம் தோழன் அனுபவிப்பான்.

பொய் சொல்ல அவசியமும் இல்லை. விடுப்புச் சம்பளம் இருக்கிறது. காயத்தினால் ஒருவர் நிரந்தரமாக முடங்கி, தன் வழக்கமான சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாமல் போனால், சந்தா நிபந்தனைகள் பூர்த்தியாகி இருந்தால், சொக்சோவின் இயலாமைத் திட்டம் இருக்கிறது; அது காரணம் எது என்று பார்ப்பதில்லை. 2007-ம் ஆண்டு முதல் 'மீண்டும் வேலைக்கு' என்ற திட்டத்தையும் சொக்சோ நடத்துகிறது. மலாக்காவில் 2014 முதல் துன் ரசாக் மறுவாழ்வு மையம் இயங்குகிறது. உங்களுக்கு எதில் உரிமை உண்டு என்று உண்மையைச் சொல்லிக் கேளுங்கள். வேலையிலேயே அடிபட்டிருந்தால், நான்கு நாளுக்குக் குறையாத எம்.சி.க்குத் தினச் சம்பளக் கணக்கில் நூற்றுக்கு 80 கிடைக்கும். நம்மோடு தோளுக்குத் தோள் நின்று கொழுந்து பறிக்கும் வங்காளதேச, இந்தோனேசிய, நேபாளத் தோழர்களுக்கும் 2019 ஜனவரி முதல் வேலை விபத்துத் திட்டமும், 2024 ஜூலை முதல் இயலாமைத் திட்டமும் உண்டு. அவர்களுக்கும் சொல்லுங்கள். மொழி வேறானாலும் எலும்பு ஒன்றுதான்.

சரி, விடுப்பு முடிந்தது, காயம் ஆறியது. இனி எப்படி மரத்துக்குத் திரும்புவது?

முதலாவதாக, டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அவர் "என்ன வேலை?" என்று கேட்பார். நீங்கள் "கொழுந்து பறிப்பது" என்றோ "பால் வெட்டு" என்றோ சொல்லி நிறுத்திவிடுகிறீர்கள். "ஓய்வு நாளில் மரம் ஏறுவேன், இத்தனை உயரம் ஏறுவேன், மறுபடி ஏற ஆசை" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். மலாயில் ஒரு துண்டுக் கடிதமாக எழுதிக்கொண்டும் போகலாம். உங்கள் ஆப்பரேஷன் சிறு துளை வழியாகச் செய்ததா, பெரிதாகக் கிழித்துச் செய்ததா, வலை வைத்தார்களா, தகடு வைத்தார்களா என்பதைப் பொறுத்து நாள் கணக்கு மாறும். வயிற்று ஆப்பரேஷனுக்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் பாரம் தூக்க வேண்டாம் என்பார்கள். அது பாரத்துக்கான கணக்கு. மரத்துக்கான கணக்கு அதற்கும் பின்னால். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர், அந்த மருந்து நிற்கும் வரையில் மரத்தை நினைக்கவே வேண்டாம். சிறு அடியும் அவருக்குப் பெரிய இரத்தக் கசிவாகிவிடும்.

இரண்டாவதாக, படிப்படியாகப் போங்கள். முதலில் சமதரையில் நடை. பிறகு படிக்கட்டு. பிறகு மலைச்சரிவில் வெறுங்கையோடு ஏற்றமும் இறக்கமும். லெம்பா பெர்த்தாமில் உங்களுக்குச் சரிவுக்குப் பஞ்சமில்லை! இருமினாலும் தும்மினாலும் காயத்தில் வலி இல்லை, குந்தி எழுந்தால் வலி இல்லை என்ற நிலை வந்ததும், தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்து, கால் தரையில் இருக்கும்படியே உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குக் கொடுங்கள். அடுத்த நாள் வலி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், இடுப்புயரம் ஏறி இறங்குங்கள்; ஏறுவதைவிட இறங்குவதை அதிகமாகப் பழகுங்கள். பிறகு ஆளுயரம். வாரத்துக்கு ஒரு படி போதும். மூச்சை அடக்காதீர்கள், உந்தும்போது மூச்சை விடுங்கள். கையால் இழுப்பதைக் குறைத்துக் காலால் உந்துங்கள். கயிறும் கச்சையும் கிடைத்து, அதை அறிந்தவர் சொல்லிக் கொடுத்தால் மிக நல்லது. சாமான் கட்டும் கயிற்றை நம்பி உயிரைக் கட்டாதீர்கள்.

மூன்றாவதாக, மரத்தை அறிந்து ஏறுங்கள். இந்த மலையில் பனியும் மழையும் பட்டையில் பாசியை வளர்க்கின்றன. கீழே என் ஊரில் உலர்ந்து கிடக்கும் மரம், இங்கே எண்ணெய் பூசாத வழுக்கு மரம். மழை விட்ட மறுநாள் ஏறாதீர்கள். காய்ந்த கிளை, உளுத்த கிளை, குளவிக் கூடு, கெரங்கா எறும்பு ஆகியவற்றைக் கீழேயே நின்று பாருங்கள். ரப்பர் மரத்தில் எந்த நாளும் ஏற வேண்டாம். காற்றிலேயே கிளை முறியும் மரம் அது. ஒருபோதும் தனியாக ஏறாதீர்கள். கீழே ஒரு ஆள் வேண்டும், அவர் கையில் கைத்தொலைபேசி வேண்டும். போதையில் ஏறுவதைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

காயம் சிவந்தாலோ, சீழ் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பழைய இடத்தில் உருண்டை புடைத்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மரத்தின் பக்கமே இனிப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டால்? அதுவும் சிலருக்கு நேரும். அவரை வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துவிடாதீர்கள். எந்தக் கிளை தாங்கும், எந்தக் கிளை தாங்காது என்ற அறிவு அவர் கண்ணில் இருக்கிறது. கீழே நின்று கயிறு பிடிக்கவும், இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் அவரைவிட யார் உண்டு?

தாய்மார்களே! உங்களுக்கு ஒரு வார்த்தை. மரம் ஏறுவது ஆண்பிள்ளை விஷயம் என்று ஒதுங்காதீர்கள். ஈரக் கொழுந்து நிறைந்த கூடையை முதுகில் சுமந்து சரிவில் ஏறுவது மரம் ஏறுவதற்குக் குறைந்த பாரமா? வயிற்று ஆப்பரேஷன் ஆன உடம்புக்கு நான் சொன்னதெல்லாம் பொருந்தும். பிரசவ விடுப்பு 2023 முதல் 98 நாள். அதற்குப் பிறகும் பலம் வராவிட்டால், இலகு வேலை கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இனிச் சங்கம் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். ஆப்பரேஷன் முடிந்து வரும் ஒவ்வொரு உறுப்பினரையும் கிளைக் கமிட்டியைச் சேர்ந்த ஒருவர் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். விடுப்பு எத்தனை நாள் மீதி என்பதைக் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். டாக்டர் கடிதத்தோடு நிர்வாகத்திடம் போய், சில வாரங்களுக்கு இலகு வேலை கேட்க வேண்டும்; களை பிடுங்கச் சொல்லிவிட்டு மூட்டை தூக்க வைத்தால் தட்டிக் கேட்க வேண்டும். கிளையின் பெயரில் ஒரு நல்ல கயிறும் இரண்டு கச்சையும் தலைக்கவசமும் வாங்கி வைப்பது பெரிய செலவு அல்ல. பந்துக்கும் வலைக்கும் பணம் கொடுக்கும் கிளைகள் இதற்கும் கொடுக்கலாம்.

தோழர்களே! 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டு வெள்ளம் பாய்ந்தபோது, இந்தப் பள்ளத்தாக்கு உயிர்களை இழந்தது, வீடுகளை இழந்தது. மறு நாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. சேற்றை வாரி, சுவரை நிறுத்தி, ஒவ்வொரு வீடாகத் திரும்பினார்கள். உடம்பும் அப்படித்தான். அவசரப்பட்டவனுக்கு இரண்டாவது ஆப்பரேஷன். பொறுத்தவனுக்கு உச்சிக் கிளை. சம்பள உயர்வுக்காக நாம் போராடுவது வயிறு நிறைய. ஓய்வுக்காகவும் விளையாட்டுக்காகவும் போராடுவது மனம் நிறைய. இரண்டும் நிறைந்தவனே முழு மனிதன். அந்த முழு மனிதனைத் தோட்டத்தில் உண்டாக்க ஒன்றுபடுவோம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!